பன்னிரண்டு முதற்பக்கங்கள்

சித்திரைப் புத்தாண்டன்று வேலை தொடங்குவதற்கு ஒரு நல்ல நேரம் உண்டு. இந்த நாட்டில் அந்த நேரம் தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். தொலைக்காட்சி சொல்லும், கலண்டரில் அச்சடித்திருக்கும், கைப்பேசிக்கும் செய்தி வரும். போதாததற்கு எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "நங்கி, நெகத் நேரம் பத்து மணிக்கு. வடக்கு பக்கம் பாத்து செய்யணும்" என்று என் மனைவியிடம் தன் தமிழில் சொல்லிவிட்டுப் போவார். எங்கள் ஆட்களுக்கு வேறு இரண்டு பஞ்சாங்கம். இரண்டும் ஒரே நேரத்தைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆக, ஒரு வேலையைத் தொடங்க வருடத்துக்கு மூன்று நல்ல நேரம் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. குளித்து, புது உடுப்பு போட்டு, பொங்கல் சாப்பிட்ட பிறகு எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வேன்.

அந்த நேரத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் ஏதாவது ஒன்றைத் தொட்டுவைப்பார்கள். மிளகு வியாபாரம் செய்பவர் தராசைத் தொடுவார். மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து மூடுவார்கள். என் மனைவி தையல் மெஷினில் ஒரு வெட்டுத் துணியை வைத்து நாலு தையல் போடுவாள். நான் நாவலைத் தொடங்குவேன்.

தொடங்குவேன் என்றால், ஒவ்வொரு வருடமும் தொடங்குவேன். முந்திய வருடம் எழுதிய பக்கத்தை எடுத்து அதற்குக் கீழே எழுதியிருக்கலாம். ஆனால் அது தொடர்வது. தொடர்வதற்கு நல்ல நேரம் எதற்கு? புது வருடம், புது வேலை, புதுப் பக்கம். அதனால் புதிதாக ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, முதற்பக்கத்தைத் திரும்பவும் எழுதுவேன். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு பெருமிதம் இருக்கும். பலகாரத்தட்டோடு வருகிறவர்களிடம், "இன்னைக்குத் தான் ஆரம்பிச்சிருக்கேன்" என்று சொல்வேன். இரண்டாம் நாள், விருந்தாளிகள். மூன்றாம் நாள், அலுவலகத்துக்குப் புறப்பட நல்ல நேரம் பார்க்கவேண்டும். நாலாம் நாளிலிருந்து கொப்பி மூடியே இருக்கும். இடையில் நவராத்திரி வந்து விஜயதசமியும் வந்தால், ஏடு தொடக்கும் நாளாயிற்றே என்று இன்னொரு பத்தி எழுதியதும் உண்டு.

இப்படிப் பன்னிரண்டு வருடம். பன்னிரண்டு கொப்பி, பன்னிரண்டு முதற்பக்கம்.

கதை மனதில் முழுதாக இருந்தது. அதில் பொய் இல்லை. மாத்தளையில் தையல் தைக்கும் ஒரு பெண். அவள் புருஷன் வில்கமுவவில் வயல் காணி கிடைக்கும் என்று போனவன், போன இடத்திலேயே தங்கிவிடுகிறான். அவள் அவனைத் தேடிப் போகிறாள். அவ்வளவுதான். முதற்பக்கத்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள், காலை வெளிச்சம் அவள் மடியில் விழுந்திருக்கும். அந்த வெளிச்சத்தை எழுதுவதில் நான் வருடத்துக்கு வருடம் தேறிக்கொண்டுதான் வந்தேன். ஏழாவது வருடப் பக்கத்தில் ஊசி முனையில் வெளிச்சம் நிற்பதை மூன்று வரிக்கு எழுதியிருக்கிறேன். அதை எழுதியபோது எனக்கே புல்லரித்தது. பிறகு வந்த வருடங்களிலும் அந்த மூன்று வரியை அப்படியே எடுத்து எழுதினேன்.

அந்த வெளிச்சத்தை எழுத நான் வெளியே எங்கும் போகவில்லை. என் மேசைதான் ஜன்னலோரம் இருந்தது. மாத்தளை நகரத்தில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு ஜன்னல், பின்னால் இருக்கும் கறுவாத் தோட்டத்தைப் பார்த்தபடி. நல்ல வெளிச்சம் வருவது அந்த ஓரிடத்தில்தான். ஒருபக்கம் கட்டில், மறுபக்கம் அலுமாரி, நடுவே ஜன்னலடியில் ஒரு மேசைக்கு அளவான இடம். கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த வருடம் மேசையை அங்கே போட்டேன். மனைவியின் காலால் மிதிக்கும் தையல் மெஷினும் அதே அளவுதான். அது அடுப்பு இருக்கும் குசினிக்குப் போனது.

"நீங்க எழுதி முடிங்க. முடிஞ்சதும் நான் இங்க வந்துக்கிறேன்" என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். ஆறு மாதம் போதும் என்று நானும் சொன்னேன். இரண்டு பேருமே அதை நம்பினோம் என்பதைச் சொல்லிவிடவேண்டும்.

குசினியில் பகலிலும் பல்பு எரியவேண்டும். அடுத்த வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அந்த மஞ்சள் பல்புக்குக் கீழேதான் என் மனைவி சட்டையும் சீருடையும் தைத்தாள். இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பெண்கள் சம்பளம் வந்த கிழமை பஸ்ஸில் வருவார்கள். சந்தைக்குப் போகும் வழியில் துணியைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது சட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருவரையும் அவள் இரண்டு முறை அலைய வைத்ததில்லை. நான் கலேவெலவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களை இரண்டு முறை அலைய வைக்காமல் அனுப்பியது அபூர்வம். இதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது அது நடைமுறை.

எழுதாமல் இருந்ததற்கு எனக்குக் காரணம் இல்லாமல் போனதே இல்லை. பேனை சரியில்லை. கொப்பியில் மை ஊறுகிறது. பஸ் பயணத்தில் முதுகு வலி. ஐந்தாவது வருடம், வில்கமுவவைக் கண்ணால் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று தோன்றியது. ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். இரண்டு உழவு மெஷின் போனது, மோட்டார்சைக்கிளில் ஒருவர் உர மூட்டையோடு போனார். கொப்பியைத் திறப்பதற்குள், திரும்பிப் போக இருந்த பஸ் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னார். அடுத்தது எப்போது என்று கேட்டதற்குச் சிரித்தார். உழவு மெஷின் ஒன்றில் தொற்றிக்கொண்டு சந்தி வரைக்கும் வந்து, வீடு சேர்ந்தபோது என் கையில் ஒரு முட்டி எருமைத் தயிர் இருந்தது. நாவலுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. தயிர் நன்றாக இருந்தது என்று மனைவி சொன்னாள்.

எட்டாவது வருடம் நடந்ததைச் சொல்லவேண்டும். இரத்தோட்டையிலிருந்து ஓர் அம்மா தன் மகளின் கல்யாணச் சட்டைக்குத் துணி கொடுத்திருந்தார். கருநீலம். சட்டையை வாங்கிப்போக அவர் வந்த காலையில், மனைவி அதை வாசல் வெளிச்சத்தில் விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முழுச் சட்டையும் கறுப்பு நூலில் தைத்திருந்தது. பல்பு வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுதான்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "பரவால்லம்மா, தூரத்துல தெரியாது" என்றார். என் மனைவி கேட்கவில்லை. "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு இருங்க. பிரிச்சு தச்சு தந்துடுறேன்" என்று சொல்லி, வாசற்படியிலேயே உட்கார்ந்து தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு தையலாக. தெருவில் போகிற வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். பிறகு குசினிக்குப் போய்த் தைப்பாள், வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்ப்பாள், திரும்பவும் குசினிக்குப் போவாள். இது மத்தியானம் வரைக்கும் நடந்தது. அன்று சனிக்கிழமை, எனக்கு வேலை இல்லை. நான் ஜன்னலடியில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கொப்பி திறந்திருந்தது.

அந்த அம்மா போன பிறகு அவள் வந்து அறை வாசலில் நின்றாள்.

"அந்த எடத்த எனக்கு தாங்களேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இந்த வருசம் முடிச்சிருவேன்" என்றேன்.

"முடிச்சிருவீங்களா?"

"முடிச்சிருவேன்னு சொல்றேன்ல."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த மாதமே கண்ணாடி போட்டாள். என்னால் ஏன் அன்றைக்கே மேசையை நகர்த்த முடியவில்லை என்று பல முறை யோசித்திருக்கிறேன். மேசையை விட்டுக்கொடுத்தால், நான் எழுதமாட்டேன் என்று ஊரறிய ஒத்துக்கொண்டதாகிவிடும். வெறும் மேசைதான், ஆனால் அது அங்கே கிடக்கும்வரை நான் எழுத்தாளன். என் மானத்தைக் காப்பாற்றிய மேசை அவளுடைய கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் இன்னும் நாலு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டாவது புத்தாண்டு. மூன்று நேரத்தில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, வடக்குப் பார்த்து உட்கார்ந்து, பிள்ளையார் சுழி போட்டு, முதற்பக்கத்தை எழுதி முடித்தேன். குசினியில் மெஷின் நாலு தையல் ஓடி நின்றது. வழக்கம்போல எழுந்து பலகாரத்தட்டுப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது மனைவி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கொப்பிகள் எல்லாம் அடுக்கியபடியே இருந்தன. அவள் எதையும் திறந்து பார்க்கவில்லை, அட்டைகளை மட்டும் எண்ணியிருந்தாள்.

"பன்னெண்டு" என்றாள். "பன்னெண்டு தடவ துணிய வெட்டியிருக்கீங்க. ஒரு சட்டையும் காணோம்."

எனக்குச் சுரீரென்று வந்தது. "எழுத்துன்னா சட்டை தைக்கிற மாதிரியா?" என்று கேட்டேன்.

"எனக்கு கதை எழுத தெரியாதுங்க. என்கிட்ட துணி குடுத்தவங்க ஒரு நாளு சொல்லிட்டு போறாங்க. அந்த நாளு வந்து கேப்பாங்க. அதுக்காக தான் முடிக்கிறேன். இல்லாட்டி எனக்கும் நாளைக்கு நாளைக்குன்னு தான் இருக்கும். உங்ககிட்ட யாரு வந்து கேட்டா?"

யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். தொடங்கியதை எல்லோருக்கும் சொன்னேன், முடிக்கும் நாளை ஒருவருக்கும் சொல்லவில்லை. பஞ்சாங்கமும் அதைப்போலத்தான். தொடங்க நேரம் போட்டிருக்கிறது, முடிக்க நேரம் போடவில்லை. அது எனக்கு வெகு வசதியாக இருந்திருக்கிறது.

அவள் வாடிக்கையாளர்களின் துணியில் ஒரு துண்டுக் கடதாசியைக் குண்டூசியால் குத்திவைப்பாள். அதில் ஆளுடைய பெயர், அளவு, கொடுக்கவேண்டிய நாள். அன்றைக்கு அவள் குசினியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சீருடைத் துணி வரும் காலத்துக்கு முந்திய சனிக்கிழமையை அதில் எழுதினாள். பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயரை எழுதினாள். அதைப் பன்னிரண்டாவது கொப்பியின் அட்டையில் குத்தினாள்.

"வெள்ளத் துணி, வெள்ள நூலு. இந்த வருசம் பல்புல என்னால முடியாது" என்றாள். "இந்த நாளு நான் வந்து கேப்பேன்."

அட்டமியா நவமியா என்று நான் கலண்டரைக் கழற்றிப் பார்த்தேன். பார்த்ததை அவளும் பார்த்தாள். "அத மாட்டிட்டு வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. விடிய ஐந்து மணிக்கு எழும்பினேன். ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பக்கம். சில நாள் அரைப் பக்கம். முதல் கிழமை முழுவதும் முதற்பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னேரம் வீடு வந்ததும் அவள், "இன்னைக்கு எவ்வளவு தச்சீங்க?" என்று கேட்பாள். கேலிதான். ஆனால் பதில் சொல்லாமல் சோற்றுத்தட்டில் கை வைக்கவிடமாட்டாள். எட்டாம் நாள், "இன்னும் மொதப் பக்கம் தான்" என்றேன்.

"ஒரு தையல் கோணிப்போச்சுன்னா அந்தத் தையல மட்டும் தான் பிரிப்பேன். முழுத் துணியையும் வீசிட்டு புதுத் துணி கேட்டா யாரு தருவா? அத அப்பிடியே விட்டுட்டு சட்டக் கைய தைங்க."

கை தைக்கப் போனேன். வில்கமுவவில் அந்தப் பெண் பஸ்ஸைத் தவறவிட்டு, தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருக்கும் இடத்தை எழுதினேன். உழவு மெஷின், உர மூட்டை, கடைக்காரர் சிரித்தது எல்லாம் வந்தது. அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு பக்கம் இருந்தது.

நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டேன். மழைக்காலம், காய்ச்சல், அலுவலகத்தில் கணக்காய்வு, பழைய பட்டியல் எல்லாம் வந்தது. அவள் கேட்பதை விடவில்லை. "இன்னைக்கு?" "இல்ல." "சரி." அந்த "சரி"யைப் போல எரிச்சலான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அந்த எரிச்சலில்தான் திரும்பவும் உட்கார்ந்தேன். பக்கங்கள் எல்லாம் நன்றாக வந்தன என்று சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் சுமார்தான். ஆனால் சுமாரான பக்கத்துக்கு அடுத்த பக்கம் என்று ஒன்று இருந்தது.

குறித்த சனிக்கிழமை வந்தது. மூன்று பக்கம் பாக்கி. விடிய நாலரைக்கு உட்கார்ந்தேன். வெளிச்சம் வந்தது, விளக்கை அணைத்தேன். ஒன்பது மணிக்குக் கலண்டர் கண்ணில் பட்டது. ராகுகாலம் பிறந்துவிட்டது. பத்தரைக்குப் பிறகு முடிக்கலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. பழைய ஆள் அவ்வளவு சீக்கிரம் வீட்டை விட்டுப் போகமாட்டான். எழுந்து கலண்டரைத் திருப்பி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் கடைசி வரியை எழுதினேன். கொஞ்சம் அழுதேன்.

"முடிஞ்சிருச்சு" என்று கூப்பிட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசையில் ஐந்து கொப்பிகள். மேலே இருந்ததன் அட்டையிலிருந்து குண்டூசியைக் கழற்றித் தன் சட்டையில் குத்திக்கொண்டாள். துண்டை மடித்து என்னிடம் தந்தாள். சட்டையை வாங்கும்போது அவளுடைய வாடிக்கையாளர்கள் அவளிடம் தருவதைப் போலவே. பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதற்பக்கத்தைத் திறந்தாள். பன்னிரண்டு வருடத்தில் என் எழுத்தை அவள் படிப்பது அதுதான் முதல் தடவை. நான் பக்கத்தில் நின்றேன். அந்த மூன்று வரிக்கு அவள் எப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம், மடி, ஊசி முனை. அது அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

படித்தாள். ஒரு விரலைப் பக்கத்தில் வைத்தபடி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். "இது எந்த வீட்டுல?"

மெஷினைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் குசினிக்குப் போனேன். தூக்குவதற்கு முன்னால், ஊசியில் கோத்திருந்த நூலைக் கழற்றிவிடலாம் என்று அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த ஸ்டூலில் நான் அதுவரை ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. வெளியே பத்து மணி வெயில். இங்கே பல்பு எரிந்துகொண்டிருந்தது. குனிந்தேன். இன்னும் குனிந்தேன். என் வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். ஊசி தெரிந்தது, நூலும் தெரிந்தது. ஊசியின் காது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னங்க, நேரமாகுதா?" என்று அவள் ஜன்னலடியிலிருந்து கேட்டாள்.

"நூலக் கழட்டுறேன்."

"அது கண்ணுக்கு தெரியாதுங்க. விரலால தடவிப் பாருங்க, தட்டுப்படும்."